உப்புத்தண்ணீரில் நிமிர்ந்த விரல்கள்

போன மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தபோது ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டினீர்கள். உப்புக் கரைசலுக்குள் நகத்தளவு கறுப்புச் சவ்வு ஒன்று கிடந்தது. அறுந்துபோன நரம்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலமாக வைக்கப்போகிற பொருள் அது என்றீர்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு வலைபோல நிற்கின்றன, மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது என்று சொல்லித் திரையில் ஒரு கோட்டையும் காட்டினீர்கள். கோடு அழகாகத்தான் இருந்தது. நான் தலையாட்டிவிட்டு, தேநீரையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஓய்வுபெற்றவன் போன இடத்தில் குறை சொன்னால் அடுத்த தடவை தேநீர் கிடைக்காது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கிண்ணம் என்னை விடவில்லை. அதற்குள் மின்சாரத்தைக் கடத்தியது உங்கள் சவ்வா, அல்லது சவ்வு கிடந்த உப்புநீரா? அங்கே நின்ற ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இதே கேள்வியை நான் ஒருமுறை கேட்க வேண்டி வந்தது. அன்று என் முன்னால் இருந்தது கிண்ணம் அல்ல, ஒரு கடற்றொழிலாளியின் வலது கை. அதைச் சொன்னால் நான் ஏன் இப்படி அலட்டிக்கொள்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

சண்டை நடந்த காலம். திருகோணமலை நகரத்தில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய சிறிய இயன்மருத்துவ நிலையத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவனாக நான் வேலை செய்தேன். எறிகணைச் சிதறல் பட்டு நரம்பு அறுந்தவர்கள், நசுங்கியவர்கள் என்று தினமும் ஆட்கள் வருவார்கள். நரம்பு செத்தாலும் தசை உடனே சாவதில்லை. நரம்பு மறுபடி வளர்ந்து வரும்வரை தசைக்கு வெளியிலிருந்து மின்துடிப்புக் கொடுத்து அதை உயிரோடு வைத்திருக்கப் பார்ப்போம். அதற்கான கருவி வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்தது. கிழட்டுக் கருவி, ஆனால் கெட்டியான உடம்பு. அதன் கறுப்பு றப்பர்ப் பட்டைகள்தான் எங்கள் தலைவலி. தோலில் ஒட்டிவைத்து மின்சாரத்தை உள்ளே அனுப்புகிற அந்தப் பட்டைகள் வியர்வையிலும் வெயிலிலும் வெடித்துப்போகும். புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும். பாதை திறந்திருந்தால் சாமான் இருக்காது. சாமான் இருந்தால் பாதை பூட்டியிருக்கும்.

ஆகவே நாங்களே செய்யத் தொடங்கினோம். படகுச் சாமான் கடையில் நீர்க்கசிவு அடைக்க விற்கிற சிலிக்கன் பசை கிடைத்தது. கரிக்குத் துறைமுகப் பக்கத்தில் இருந்த ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போவேன். ஒட்சிசனைத் திறக்காமல் அசெற்றிலின் வாயுவை மட்டும் பற்றவைத்தால் கரும்புகை நூல்நூலாக மேலே போகும். மற்றவர்களுக்கு அது துணி வெளுக்கிறவரைத் திட்டவைக்கிற தொல்லை. நான் அதற்கு மேலே தகரத்தைப் பிடித்துப் புகைக்கரியைச் சுரண்டி எடுப்பேன். நீங்கள் இன்று நானோ என்று சொல்கிற அளவுக்குப் பொடியான கரி அது என்று பல வருடங்கள் கழித்துத்தான் படித்தேன். அன்று எங்களுக்கு அதன் பெயர் வெறும் கரி.

பால்மா தகரத்தில் அதை நிரப்பிக்கொண்டு வரும்போது ஒருநாள் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். கறுப்புத் தூள், ஒரு தமிழன், கையில் அடையாள அட்டை. என்ன யோசித்திருப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. நான் எவ்வளவு சொல்லியும் நம்பாத சிப்பாய் தகரத்துக்குள் விரலை விட்டான். விரலில் பட்ட கரியை ஊதிப் பார்த்தான், மணந்து பார்த்தான், கடைசியில் என் வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துவிட்டுப் போகச் சொன்னான். அந்தச் சட்டையை அதன் பிறகு வேலைக்குத்தான் போட முடிந்தது.

பசைக்குள் கரியைக் கலப்பதில் ஒரு விளையாட்டு உண்டு. கொஞ்சம் போட்டால் மின்சாரம் பாயாது. இன்னும் கொஞ்சம் போட்டாலும் பாயாது. கை சலித்துப்போகும் நேரத்தில் இன்னொரு சிட்டிகை போட்டதும் அளவுமானியின் ஊசி திடீரென்று எழும்பும். துகளும் துகளும் தொட்டுக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். அதற்கு மேலே ஆசைப்பட்டால் பட்டை காய்ந்த பிஸ்கட்போல உதிர்ந்துவிடும். இதெல்லாம் உங்களுக்குப் பாடப்புத்தகம். நாங்கள் சட்டையைப் பழுதாக்கித்தான் படித்தோம்.

எங்கள் பட்டை சுமாரானது. ஒரு மூலையில் நன்றாகக் கடத்தும், மறுமூலையில் மக்கர் பண்ணும். அதனால் அதற்கும் தோலுக்கும் நடுவே உப்புநீரில் நனைத்த துணி வைப்போம். ஆஸ்பத்திரி உப்புநீர்ப் போத்தல்கள் காயக்காரருக்கே போதாமல் இருந்தன. கேட்கவே கூச்சமாக இருந்தது. நிலையத்தின் இயன்மருத்துவர் கமலினிதான் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"இவ்வளவு பெரிய கடல் சும்மா கிடக்குது. அதுவும் உப்புத்தண்ணிதானே?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் செய்தோம். கடல்நீரில் நனைத்ததும் எங்கள் சுமாரான பட்டை வெளிநாட்டுப் பட்டையை மிஞ்சி வேலை செய்தது. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. நேற்றுவரை மக்கர் பண்ணிய பட்டை இன்று எப்படி இவ்வளவு நல்ல பட்டையானது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நல்ல செய்தியை யாரும் குறுக்குவிசாரணை செய்வதில்லை.

அந்தக் காலத்தில்தான் சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து, நான் முதலில் சொன்ன கடற்றொழிலாளி தவராசா வந்தார். வலது மேல்கையில் எறிகணைத் துண்டு ஏறியிருந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கியது. விரல்களை மடக்குவார், விரிக்க முடியாது. முதல் நாளே தன் நிலைமையை எங்களைவிடத் தெளிவாகச் சொன்னார்.

"வலையைப் பிடிக்கிறதெண்டாப் பிடிப்பன், தம்பி. விடுறதுக்குத்தான் ஏலாது."

விடத் தெரியாத கையோடு கடலுக்குப் போனால் வலை ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. மனைவி சிவமணி தினமும் அவரோடு வருவார். கடல்நீர் தேவை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தப் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். கரையில் தண்ணீர் கலங்கல் என்று இடுப்பளவுக்கு இறங்கிப் போத்தலில் அள்ளி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். வைத்தியத்தில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதில் அவருக்கு இருந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன்.

மாதங்கள் போயின. கை அசையவில்லை. கொழும்பிலிருந்து எப்போதாவது வந்துபோகும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். நரம்பு நசுங்கி மட்டும் இருந்தால் தானாக வளர்ந்து வரும், பொறுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கையைத் திறந்து கிளறினால் வருகிற நரம்பும் கெட்டுவிடும். ஆனால் நரம்பு அறுந்திருந்தால் பொறுத்திருக்கக் கூடாது. தசை நார்நாராகக் காய்ந்துபோன பிறகு எந்த நரம்பை இணைத்தும் பலன் இல்லை. தவராசாவின் கை அந்த எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டது. நிபுணர் வந்த மறுநாள் காலையே வாகனத் தொடரோடு திரும்பிவிடுவார். அடுத்த தடவை எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

அவர் வந்த அன்று காலை நிலையம் நிறைந்திருந்தது. மடித்துவைத்த துவாய்த் துணியின்மேல் தவராசா கையை வைத்தார். கமலினி பட்டைகளைக் கட்டினார். நிபுணர் பார்க்கிறார் என்பதால் சிவமணி கொண்டுவந்த தண்ணீரைத் தாராளமாகவே ஊற்றினார். நரம்பு உயிரோடு இருந்தால் மட்டுமே தசையை அசைக்கிற குறுந்துடிப்புக்குக் கருவியை மாற்றிவிட்டு, நான் அதன் பக்கத்தில் நின்று குமிழைத் திருகினேன்.

விரல்கள் நிமிர்ந்தன.

மறுபடி திருகினேன். மறுபடி நிமிர்ந்தன. ஐந்து விரலும் அல்ல. ஆனால் மாதக்கணக்காக மடங்கிக்கிடந்த விரல்கள் அத்தனை பேர் கண்முன்னால் நீண்டன. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கைதட்டினார். கமலினியின் முகத்தை நான் அப்படி மலர்ந்து பார்த்ததே இல்லை. சிவமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். நிபுணர் தவராசாவின் தோளைத் தட்டினார்.

"நரம்பு வருகுது. திறக்கத் தேவையில்லை. பொறுத்துப் பாப்பம்," என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

நானும் சந்தோசப்பட்டிருப்பேன். ஆனால் என் கண் பழக்கதோசத்தில் விரலுக்குப் போகாமல் கருவியின் ஊசிக்குப் போயிருந்தது. குமிழ் வழக்கமான இடத்தில்தான் நின்றது. ஊசியோ வழக்கத்தைவிட மிக மேலே நின்றது. அத்தனை மின்சாரம் எங்கே போகிறது? கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் நிமிர்ந்தாலும் மணிக்கட்டு எழும்பவே இல்லை. துவாயைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே அது சொட்டச்சொட்ட நனைந்துபோய்க் கிடந்தது.

முழங்கையின் உட்பக்கம் எங்காவது இடிபட்டால் சின்னவிரல்வரை விறைக்குமே, அங்கே தோலுக்கு அடியிலேயே வேறொரு நரம்பு ஓடுகிறது. தவராசாவின் அந்த நரம்புக்கு ஒரு குறையும் இல்லை. விரல் நுனிகளை நிமிர்த்துகிற சின்னத் தசைகளை ஆட்டுவது அதுதான். மின்சாரம் எங்கள் பட்டையைவிட நல்ல வழியைக் கண்டுபிடித்திருந்தது. உப்பு ஈரத்தின் வழியே துவாய்க்கு வழிந்து, சுகமாக இருந்த நரம்பைப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது.

அப்படித்தான் நினைத்தேன். நிச்சயம் இல்லை. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நான் சொல்லப்போவது பிழையென்றால், தானாகத் தேறி வருகிற ஒரு கையைத் திறந்து கெடுக்கவைத்த பாவம் என்னைச் சேரும். நான் வாயைத் திறக்காவிட்டால் ஒருவரும் என்னைக் குறைசொல்ல மாட்டார்கள். பழுதுபார்ப்பவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. பேசாமல் இருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"டொக்டர், ஒருக்கா நில்லுங்கோ," என்றேன். "அசைஞ்சது வேற நரம்பாலயோ எண்டு எனக்குச் சந்தேகமாக் கிடக்கு. கையைக் கழுவிக் காயவிட்டுத் திருப்பிப் பாக்க வேணும்."

கமலினி என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

"இவ்வளவு நாளும் இதே தண்ணியிலதானே செய்தனாங்கள்? அப்பவெல்லாம் வராத சந்தேகம் கை அசைஞ்ச உடனதான் உங்களுக்கு வருகுதோ?"

நியாயமான கேள்வி. ஊசியைக் காட்டினேன். நிபுணர் குனிந்து பார்த்தார், பிறகு கமலினியைப் பார்த்தார். தீர்ப்பை அவரிடமே விட்டுவிட்டார்.

கமலினி எனக்குத் தோன்றாத ஒன்றைச் செய்தார். கையைக் கழுவவில்லை, பட்டைகளைத் தொடவில்லை. குமிழை அப்படியே திருகச் சொன்னார். விரல்கள் நிமிர்ந்தன. நிமிர்ந்திருக்கும்போதே தவராசாவின் முழங்கையைத் தூக்கி, நனைந்த துவாயை இழுத்து எடுத்து, உட்பக்க ஈரத்தைத் தன் உடுப்பாலேயே ஒற்றித் துடைத்தார்.

விரல்கள் மடங்கின.

அதன்பிறகு கழுவி, காயவிட்டு, குழாய்த் தண்ணீரில் இலேசாக நனைத்த சின்னத் துணியோடும் பார்த்தோம். குமிழை ஏற்றிக்கொண்டே போனேன். "குத்துது," என்றார் தவராசா. "ஆனா அசையயில்ல, தம்பி." கைதட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சிவமணிதான் முதலில் பேசினார்.

"அப்ப நான் கொண்டந்த தண்ணியாலயோ அப்பிடி ஆனது?"

"தண்ணியில பிழையில்ல, சிவமணி," என்றார் கமலினி. "நாங்கள்தான் அதைப் பிழையா விளங்கிக்கொண்டம்."

சிவமணி தலையாட்டினார். ஆனால் போத்தலை எடுத்துக் கதிரைக்குப் பின்னால் மறைத்துவைத்ததை நான் கண்டேன். சரியைச் சொல்லியும் குற்றவாளியாக நிற்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பின்னேரமே சத்திரசிகிச்சை என்று முடிவானது. கொண்டுபோவதற்கு முன்னர் தவராசா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் சொன்னது பிழையெண்டா?"

"பிழையெண்டா உங்கட கை போயிடும், அண்ணை."

"சரியெண்டா?"

"வரலாம். வருமெண்டு சொல்ல ஏலாது."

"இப்பிடிக் கதைக்கிற ஆளை நம்பலாம்," என்றார். அது பாராட்டா, தனக்குத்தானே சொன்ன ஆறுதலா என்று எனக்குத் தெரியாது.

திறந்து பார்த்தபோது நரம்பு அறுந்தே இருந்தது. இரண்டு முனைகளும் விலகி, நடுவே வெறும் தழும்பு. காலிலிருந்து மெல்லிய நரம்பு ஒன்றை எடுத்து இடைவெளியில் பாலமாகத் தைத்தார்கள். நீங்கள் இன்று கறுப்புச் சவ்வினால் செய்ய நினைக்கிற வேலையை அன்று அவரது காலே செய்ய வேண்டியிருந்தது. மறுநாள் வாகனத்தில் ஏறும்போது நிபுணர் என்னிடம், "நீங்களும் விரலைப் பாத்திருந்தா எல்லாரும் சந்தோசமா வீட்ட போயிருப்பம்," என்றார்.

இப்போது உங்கள் கிண்ணத்துக்கு வருகிறேன். உடம்பு என்பதே உப்புத்தண்ணீர்தான். நீங்கள் எதை உள்ளே வைத்தாலும் அது அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கப்போகிறது. உங்கள் பொருள் கடத்தாத இடத்தில் தண்ணீர் கடத்தும். கடத்திவிட்டு, அந்தப் பெருமையை உங்கள் பொருளின் பெயரில் எழுதிவிடும். கரி கலக்காத அதே பசையில், அதே அளவில் இன்னொரு சவ்வு வெட்டுங்கள். அதையும் அதே கிண்ணத்தில் போட்டு அளந்து பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாக இருந்தால் மனம் உடையும். உடைந்தால் உடையட்டும். ஒரு நோயாளியின் கட்டிலருகே உடைவதைவிட ஆய்வுகூடத்தில் உடைவது மேல். எங்கள் பட்டை மக்கர் பண்ணிய நாட்களில் நாங்கள் அதை ஒழுங்காகத் திருத்தியிருக்க வேண்டும். கடல்நீர் அதன் குறையை மூடியதால் திருத்த மறந்தோம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பட்டையை மறுபடி செய்தோம். கரியைச் சீராகக் கலக்கும் வித்தையை அப்போதுதான் உண்மையாகக் கற்றுக்கொண்டோம்.

இன்னொன்று. சந்தேகம் வந்தால் அதைச் சோதிக்கும் வேலையை, அதை நம்ப விரும்பாதவரிடம் கொடுங்கள். என் சந்தேகத்தை நான் சோதித்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கமலினி துவாயை இழுத்தபோது கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

தவராசாவின் கை நீண்ட காலம் ஒன்றும் காட்டவில்லை. அவர்கள் வந்தார்கள், போனார்கள். பாதை பூட்டிய நாட்களில் வரவில்லை. திறந்ததும் திரும்ப வந்தார்கள். சிவமணி கதிரையில் இருந்து பார்ப்பார். முன்புபோலக் கேள்வி கேட்பதில்லை. மின்துடிப்பில் விரல் கொஞ்சம் ஆடினாலும் அவர் முகம் மாறாது. அந்த முகத்தை அப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு இருந்தது. அதை நினைத்து வருந்தினேன்.

ஒருநாள் காலை கமலினி பட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கருவியைத் திறந்து எதையோ இறுக்கிக்கொண்டிருந்தேன். தவராசா கையை மேசையில் விரித்த துவாயில் குப்புற வைத்தபடி கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு மெதுவாக மேசையிலிருந்து எழும்பியது. ஒரு விரல் உயரம்தான். எழும்பி, நடுங்கி, திரும்ப விழுந்தது.

கமலினி பட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் திருகாணியை விட்டுவிட்டேன்.

சிவமணி எழுந்து என்னிடம் வந்தார்.

"அண்ணை, மிசின் போட்டிருக்கோ?"

"இல்லை."

"வயர்?"

வயரைத் தூக்கிக் காட்டினேன். அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. அவர் கிட்ட வந்து அதன் முனையைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். பட்டையை விலக்கி, கணவனின் கைக்குக் கீழே உள்ளங்கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவினார். துவாய் காய்ந்திருந்தது. பிறகுதான் அவரது முகத்தைப் பார்த்தார்.

"இன்னொருக்காத் தூக்குங்கோ பாப்பம்," என்றார்.

தவராசா தூக்கினார்.